மாடித் தொட்டியின் அளவு

மக்களே, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியை "வாப்பாவோட வெளையாட்டுச் சாமான்" என்பீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ. படித்தவன். துபாயில் வேலை பார்த்த நாளில், வீடியோ பார்த்துப் பார்த்து அதற்கு நிரல் எழுதினேன். மாடித் தொட்டி குறைந்தால் மோட்டாரைப் போட வேண்டும், நிறைந்தால் அணைக்க வேண்டும், அவ்வளவுதான். லீவில் காயல்பட்டினம் வந்தபோது மாட்டி, பழைய லேப்டாப்போடு இணைத்துவிட்டுப் போனேன், துபாயிலிருந்தே நெட் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று.

ஒரே மாதத்தில் கோளாறு. தொட்டி பாதி நிறையும்போதே சில நாள் மோட்டார் நின்றுவிடும்.

என் அறைக்காரன் உடன்குடிக்காரன், கம்ப்யூட்டர் படித்தவன். "அண்ணாச்சி, டீபக்கர் போடுங்க. ஓடுற நிரல நடுவுல நிறுத்தி, தப்பு எங்கன்னு வரி வரியா பாக்கலாம்லா," என்றான். மோட்டார் ஓடும்போது நிரலை நிறுத்திவைத்து நிதானமாகப் படித்தேன். நிரல்தான் நின்றது. அணைக்கச் சொல்ல ஆளில்லாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

உங்கள் உம்மா போன் பண்ணினாள். "மொட்டமாடில காயப்போட்ட கருவாடு மிதக்குது! அங்கன இருந்துகிட்டு என்னத்த நோண்டுதிய? ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாவலன்னா கழட்டிருவேன். எனக்குச் சுவிட்சு போடத் தெரியாதாக்கும்!"

அதன்பின் டீபக்கரைத் தொடவில்லை. நிரல் ஓடிக்கொண்டே, தான் செய்வதைச் சொல்லிப்போகும்படி அங்கங்கே ஒரு வரி சேர்த்தேன். "இது பழைய வழில்லா," என்று சிரித்தான் அறைக்காரன்.

தொட்டியின் அளவு நிமிடத்துக்கு ஒருதரம் துபாயில் என் திரைக்கு வரத் தொடங்கியது. காலையில் மடமடவென்று இறங்கினால், பெரியவனே, நீ குளிக்கிறாய். கொஞ்சம் கொஞ்சமாக, நிற்காமல் இறங்கினால் உன் தங்கச்சி குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கிறாள். போனில் "நல்லாருக்கோம் வாப்பா" என்பதற்குமேல் நீங்கள் பேச மாட்டீர்கள். அந்த எண்களைப் பார்த்தபடி அந்த வாரம் தினமும் டீயை ஆறவிட்டேன். பெட்டியைக் கழற்றினால் அதுவும் போய்விடும்.

சனிக்கிழமை சாயங்காலம், மோட்டார் ஓடும்போதே 'நிரல் தொடங்கியது' என்ற வரி மறுபடி வந்தது. உடனே உங்கள் உம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"இப்ப என்ன செஞ்சே?"

"கிரைண்டர் போட்டேன். நாளைக்குத் தோசை வேண்டாமா?"

கிரைண்டர் கிளம்பும்போது கரண்ட் ஒரு நொடி தாழ்கிறது. பெட்டி அணைந்து எழுகிறது, எழுந்ததும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிடுகிறது; தொட்டியில் பாதி இருப்பதால் மறுபடி போடுவதும் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி நாலு வரி எழுதி, துபாயிலிருந்தே பெட்டியில் ஏற்றினேன். கிரைண்டரைத் திரும்பப் போடச் சொன்னேன். தொட்டி நிறைந்துதான் மோட்டார் நின்றது.

"சரி, இருந்துட்டுப் போவட்டும்," என்றாள் உம்மா.

"கோளாறு போச்சுல்லா அண்ணாச்சி, அந்த வரியெல்லாம் தூக்கிருங்க. சும்மா நெட்டத் தின்னும்," என்றான் அறைக்காரன். அவன் சொன்னது சரிதான். மறுநாள் அவன் கடைக்குப் போனதும் ஒவ்வொன்றாக அழித்தேன். தொட்டியின் அளவைச் சொல்லும் வரியை மட்டும், நிமிடத்துக்கு ஒருதரம் என்றிருந்ததைப் பத்து நொடிக்கு ஒருதரம் என்று மாற்றி வைத்தேன்.