பக்கத்து அறைத் தொட்டில்

மாமா காட்டிய படத்தில் குதிரை இருந்தது. குதிரை, நீச்சல் குளம், புல்வெளி, நடுவில் வெள்ளைக்காரன் காலத்து ஓட்டு பங்களா. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்த மாமா எதையும் போனில் பார்த்தே முடிவு செய்கிறவர். "அக்காவுக்கு ஒரு சேஞ்ச் வேணும். ரெண்டு நாள் போயிட்டு வருவோம்" என்று என் அப்பாவிடம் சொன்னார். எனக்கு ஏழு வயது. ஆரணிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குதிரை என்றதும் நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஏன் சேஞ்ச் வேண்டும் என்பது எனக்கும் ஓரளவு தெரியும். தங்கச்சிப் பாப்பாவைக் கூட்டிவருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா மூன்று மாதம் முன்பு வெறுங்கையோடு திரும்பி வந்திருந்தாள். "பாப்பா எங்க?" என்று நான் கேட்டதற்கு மாமா, "இல்லே கண்ணு" என்றார். அதோடு சரி, அந்தப் பேச்சே வீட்டில் கிடையாது. அம்மா சமைத்தாள், எனக்குத் தலை வாரினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அழுகை மட்டும் வரவில்லை. ஊரிலிருந்து வந்த அத்தைகள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு தடவை வாய்விட்டு அழுதுட்டா தேறிடுவாப்பா. இப்படியே இருந்தா பயமா இருக்கு" என்று கிசுகிசுத்தார்கள். என் அம்மா அழவேண்டும் என்று இத்தனை பேர் காத்திருந்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஆனேக்கல் தாண்டி, யூகலிப்டஸ் தோப்புக்குள் கார் போய் நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. படத்தில் இருந்த பங்களாதான். ஆனால் படம் எடுத்த பிறகு அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை போலிருந்தது. நீச்சல் குளத்தில் தவளைகள் நீந்தின. கேரம்போர்டு இருந்தது, காய்கள் இல்லை. குதிரையைப் பற்றி மாமா விசாரித்தார். "சீசன்ல வரும் சார்" என்றார் மேனேஜர். எங்களைத் தவிர அங்கே தங்க வந்தவர் ஒருவரும் இல்லை. கூடத்தில் நாற்காலி, சோபா எல்லாவற்றையும் வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். இருபது பேர் சாப்பிடும் மேஜையின் ஒரு கோடியில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து, ஸ்பூன் சத்தம் கேட்டுவிடுமோ என்று பயந்து பயந்து ஆறிப்போன புலாவ் சாப்பிட்டோம்.

எங்கள் அறையைத் திறந்ததும் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தொட்டில் இருந்தது. சலவை செய்த விரிப்பு, சின்னத் தலையணை, கொசுவலை. பாப்பா பிறக்கும் முன்பே மாமா எல்லோருக்கும் சேர்த்து இந்த இடத்தைப் பதிவு செய்திருந்தார். பிறகு தேதியை மட்டும் மாற்றினார். தொட்டில் கேட்டிருந்ததை மறந்துவிட்டார். மற்ற எல்லாவற்றையும் கோட்டைவிட்ட அந்த விடுதி, இதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தது.

"புக்கிங்லயே இருக்கு சார், பேபிக்குத் தொட்டில்னு" என்றார் மேனேஜர் பெருமையாக. அப்பா அவரை வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் பேசினார். இரண்டு பேர் வந்து தொட்டிலைப் பக்கத்து அறைக்குத் தூக்கிப் போனார்கள். அது சுவரில் இடித்துத் தானாக ஆடிக்கொண்டே போவதை அம்மா கண்கொட்டாமல் பார்த்தாள். மாமாவின் முகம் செத்துப்போயிருந்தது.

அதன் பிறகு அப்பாவும் மாமாவும் போனில் சிக்னல் தேடி வாசல் கேட்வரை போனார்கள். நான் அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது கட்டிலில் அம்மா இல்லை. மணி மூன்றுதான் இருக்கும், ஆனால் ஜன்னல் முழுக்க மேகம் வந்து உட்கார்ந்து அறை சாம்பல் நிறமாக இருந்தது. குளியலறையில் பார்த்தேன். கூடத்துக்குப் போனேன். வெள்ளைத் துணி மூடிய நாற்காலிகள் எல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருப்பது மாதிரியே இருந்தன. எந்தத் துணிக்கு அடியிலாவது அம்மா இருப்பாளோ என்று ஒன்றைத் தூக்கியும் பார்த்தேன். தூசிதான் இருந்தது.

தாழ்வாரத்தில் சமையல்காரம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கன்னடம் மட்டும்தான் தெரியும். எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். "அம்மா? அம்மா எங்க?" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, மெல்லிய குரலில், "இல்லே" என்றார்.

"அம்மா" என்றேன் மறுபடியும்.

"இல்லே, இல்லே" என்று அவர் என் கன்னத்தைத் தடவினார். பாப்பாவுக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். இதே மாதிரிதான் கன்னத்தையும் தடவினார்கள்.

கன்னடத்தில் அப்படிச் சொன்னால் 'இங்கேதான் இருக்கிறார்' என்று பொருள். அது பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரியவந்தபோது இன்னும் இரண்டு மாதம் ஓடியிருந்தது. அன்றைக்கு நான் கத்தக்கூட வராமல் அறையைப் பார்த்து ஓடினேன். ஓடும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிறீச், கிறீச் என்று ஒரே அளவாக, பக்கத்து அறையிலிருந்து.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே, மூடிவைத்த சாமான்களுக்கு நடுவில், அம்மா தரையில் உட்கார்ந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். உயிர் வந்தது எனக்கு. "அம்மா!" என்று கூப்பிட்டேன். அவள் என் பக்கம் திரும்பாமலே உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாத கண்ணு. இப்பதான் தூங்குது."

எட்டிப் பார்த்தேன். தொட்டிலில் ஒன்றுமில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மூன்று மாதமாக நான் பார்க்காத சிரிப்பு அதில் இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு ஏன் உடம்பு சில்லிட்டது என்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிகிற ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லையோ என்று இன்னொரு தடவை எட்டிப் பார்த்தேன். தலையணையில் ஒரு சின்னப் பள்ளம்கூட இல்லை.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா விளையாடுகிறாள். என்னோடு விளையாடி எவ்வளவு நாளாயிற்று! எங்கள் அறைக்கு ஓடி, விடுதியின் வெள்ளைத் துண்டை எடுத்து, என் பொம்மைகளுக்குச் செய்வதுபோல இறுக்கிச் சுருட்டிக் கொண்டுவந்தேன். அதைத் தொட்டிலில் படுக்கவைத்து, "தோ பாரும்மா, பாப்பா" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. துண்டை எடுத்தாள். கழுத்துக்குக் கை கொடுத்துத்தான் எடுத்தாள். மடியில் வைத்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். கடைசிச் சுற்றும் பிரிந்து, துண்டு வெறும் துண்டாக அவள் மடியில் கிடந்தது. அதைத் தூக்கி உதறிக்கூடப் பார்த்தாள்.

"இல்லையே கண்ணு" என்றாள். "ஒண்ணுமே இல்லையே."

அதற்குப் பிறகு வந்த அழுகையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அந்தப் பங்களாவின் ஓடெல்லாம் அதிர்ந்தது. சமையல்காரம்மா ஓடிவந்தார், பிறகு அப்பாவும் மாமாவும் நனைந்தபடி ஓடிவந்தார்கள். நான் மூலையில் ஒண்டிக்கொண்டு, "நான் வேணும்னு செய்யலப்பா, துண்டுதான் வச்சேன்" என்று உளறினேன். அப்பா என்னையும் அம்மாவையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். அவரும் அழுதார்.

இரண்டாம் நாள்வரை இருக்கவில்லை. அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டோம். சந்தாபுரா தாண்டும்போது அம்மா, "பசிக்குது" என்றாள். மாமா போட்ட பிரேக்கில் பின்னால் வந்த கம்பெனி பஸ் ஹாரனை அடித்துத் தீர்த்தது. ரோட்டோரக் கடையில் நின்று சாப்பிட்டோம். அம்மா வீங்கின முகத்தோடு மூன்று போண்டா சாப்பிட்டாள். அப்பாவும் மாமாவும் தங்கள் தட்டைத் தொடாமல் அவள் சாப்பிடுவதையே கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அம்மாவை அழவைத்தவள் நான். அடியை வீட்டில் போய்த்தான் கொடுப்பார்கள் என்று நினைத்து, போண்டாவை விழுங்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.