ஞாயிறுதோறும் ஒட்டிக்கொண்ட பிளேட்டுகள்

சாகுல் அண்ணன் மௌத்தாகிவிட்டார் என்று போன் வந்தபோது மகனுக்குத் தோசை ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் செந்தில், "அரே, நம்ம புல்லட் அவர்கிட்டதானே இருக்கு" என்றார். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மறைந்துபோன என் மாமனாரின் வண்டி.

தாராவியில் சாகுல் அண்ணனின் பைக் ஒர்க்‌ஷாப்பை அறிந்த உங்களுக்கு அவர் கையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் துக்கம் கேட்க நாமெல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்றபோது செந்தில், "ரெண்டு மாசமா என் வண்டி கிளட்ச் பிளேட்டை அவரால கழட்டவே முடியல. கை தளந்துடுச்சு போல, பாவம்" என்றார். உங்களில் சிலர் தலையசைத்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மழைக்காலம் முழுக்கச் செம்பூரில் எங்கள் கட்டடத்தின் கீழே ஓடாமல் நின்ற வண்டி. உள்ளே பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனது எங்களுக்குத் தெரியாது. செந்தில் மூன்று வயது மகனை டேங்கில் உட்காரவைத்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு கியர் போட்டார். கிளட்சுக்குக் கட்டுப்படாமல் வண்டி எகிறிப் பாய்ந்தது. பையனின் தாடை ஹேண்டிலில் மோதியது. மூன்று தையல்.

செந்தில் வண்டியைச் சாகுல் அண்ணனிடம் விட்டுவந்த மறுநாள் நான் தனியாகப் போனேன். சாகுல் அண்ணன் சைக்கிள் கம்பியை வளைத்துச் செய்த கொக்கியால் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூடிரைவர் விட்டால் சீக்கிரம் வருமே என்று கேட்டேன்.

"நெம்புனா நெளிஞ்சிரும் தங்கச்சி. மண்ணெண்ணெய ஊத்திட்டு சும்மா இருக்கணும். அதான் கஷ்டம்."

"கழட்ட முடியலைன்னு அவர்கிட்ட சொல்லிடுங்கண்ணே."

நிமிர்ந்து பார்த்தார். "முப்பது வருசமா தொழில் பாக்கேன். என் வாயால இதச் சொல்லச் சொல்லுதியே!" பிறகு பையனின் தையலைப் பற்றி விசாரித்தார். "பிளேட்ட நான் பாத்துக்கிடுவேன். புள்ளைய டேங்குல வைக்கிற புத்தியத்தான் கழட்டணும். பயமா இருக்குன்னு மாப்ளகிட்ட நீயே சொல்லு. நீ சொல்லுத வரைக்கும் வண்டி இங்கனயே நிக்கும்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அப்பாவின் வண்டி என்றால் செந்திலின் குரல் மாறிவிடும், அதற்குப் பயந்தேன்.

சாகுல் அண்ணனோடு வேலை பார்த்த அவர் மைத்துனர் காதர் நேற்றுதான் மிச்சத்தைச் சொன்னார். "ஞாயித்துக்கிழம காலைல மச்சான் பிளேட்டயெல்லாம் உள்ள வச்சிருவாவ. உங்க வீட்டுக்காரரு வண்டி கேட்டு வந்ததும், அவரு முன்னால இழுத்து இழுத்து வேர்ப்பாவ. அவரு போனதும் வெளிய எடுத்து, தொடச்சி, எண்ண போட்டு வைப்பாவ. இது என்ன கூத்துன்னு கேட்டா, 'நெசமாவே ஒட்டிக்கிட்டா என்னடே செய்ய'ம்பாவ."

அவர் கை தளரவில்லை. பிளேட்டுகள் முதல் ஞாயிறுக்கு முன்பே வந்துவிட்டன. முடியாது என்று சொல்லச் சொன்னவள் நான்.

நாளை ஞாயிறு. செந்தில் வண்டியை எடுத்துவரப் போகிறார். அவர் கிளம்புவதற்கு முன் இதை முதலில் அவருக்குத்தான் படித்துக்காட்டுவேன். அந்த வளைந்த கம்பியைக் காதர் என்னிடம் கொடுத்துவிட்டார். அதோடு அந்த எட்டு ஞாயிறுகளும் என்னிடம் இருக்கின்றன: நான் சொல்லிவிடுவேன் என்று நம்பி, "முடியலயே மாப்ள" என்று சாகுல் அண்ணன் தலைகுனிந்து நின்ற ஞாயிறுகள்.