ருக்மணியை உள்ளே விடாத லூப்

முதல் நாளே வியர்த்து ஊற்றியது, அதுவும் ஏசி அறையில். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்த என்னை, நாற்பத்தாறு வயதில் கம்ப்யூட்டர் ஆள் ஆக்கியிருந்தார்கள். லேபிள் அடிக்கும் பழைய கம்ப்யூட்டரில் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழி மட்டும்தான் ஓடும். பத்து நாள் படித்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நூலின் கவுண்ட், அதாவது பருமனைச் சொல்லும் எண், என்னவென்று கேட்டுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும். எண்ணைத் தவிர எதைத் தட்டினாலும் லூப், அதாவது சுற்றிச் சுற்றி வரும் கட்டளை, திரும்பத் திரும்பக் கேட்கும். அந்த லூப்பின் அழகில் நானே மயங்கியிருந்தேன்.

மேனேஜர் போகிறபோக்கில் சொன்னார்: “இன்னைக்குத் திருப்பூர் லோடு தப்பில்லாம போகோணுங்க. இல்லீனா நீங்க மறுபடியும் ஏணி தூக்க வேண்டியதுதான்.”

1. வெளியே வராத லூப்

பேக்கிங் பிரிவு ருக்மணி உட்கார்ந்து 40s என்று தட்டினார். ‘தவறு. எண்ணை உள்ளிடவும்.’ மறுபடியும் 40s. மறுபடியும் தவறு.

“ஏனுங்க, உங்க பொட்டி என்னையத் திட்டுதுங்க.”

“அந்த s வேண்டாம் அம்மணி. வெறும் நாப்பது போடுங்க.”

“இருவது வருசமா நோட்டுல இப்படித்தானுங்க எழுதறோம். வெறும் நாப்பதுன்னா என்னங்க, என்ற வயசா?”

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். லூப்பைத் திருத்தியிருக்க வேண்டும். அவசரத்தில் அழித்தே விட்டேன். பெர்ல் 40s-ஐ நாற்பதாகவே எடுத்துக்கொண்டது. வெற்றி வீரனாக டீ குடிக்கப் போனேன்.

2. பூஜ்யம் கவுண்ட் நூல்

திரும்பி வந்தால் முதல் பெட்டியில் 40. அடுத்த பன்னிரண்டிலும் 0.

“என்ன தட்டுனீங்க அம்மணி?”

“மேல இருக்கறதேதானுங்க கீழயும். நோட்டுல ரெண்டு கோடு இழுப்போமில்லீங்க, அதைத்தான் போட்டேன்.”

மேற்படிக் குறி. புரியாததைப் பெர்ல் கேள்வி கேட்காமல் பூஜ்யம் ஆக்கிவிட்டது. புரியாவிட்டாலும் தலையாட்டும் பழக்கம் எனக்கும் உண்டென்பதால் அதைத் திட்ட மனம் வரவில்லை.

மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது. என் கண்ணில் ஏணி தெரிந்தது. ருக்மணி நிமிராமலே சொன்னார்: “லேபிள் மாத்திட்டிருக்கறமுங்க. பத்தே நிமிசம்.” மேனேஜர் போய்விட்டார்.

பேக்கிங் நோட்டைப் புரட்டிப் பார்த்து லூப்பைத் திரும்ப எழுதினேன். 40 என்றாலும் 40s என்றாலும் சரி. மேற்படிக் குறி என்றால் முந்தைய கவுண்ட். வேறெதுவானாலும் எப்படிப் போட வேண்டும் என்று சொல்லி மறுபடி கேட்கும். லாரி சரியான லேபிளோடு கிளம்பியது. தம்பிகளே, லூப் எழுதுமுன் அதில் தட்டப்போகிறவர்களுடைய நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நான் ஹாரன் கேட்ட பிறகுதான் புரட்டினேன்.

சோதித்துப் பார்க்க ருக்மணி என் பெயரைத் தட்டினார். ஏற்காமல் மறுபடி கேட்டது.

“பரவால்லீங்க,” என்றார். “நீங்க டீக்குப் போனப்பவா இருந்தா உங்களைப் பூஜ்யம்னு அடிச்சுப்போட்டிருக்குமுங்க.”