கஞ்சி போட்ட போர்வை

இன்று ஜாலான் புசார் சாலையில் ஒரு சலவைக்கடையைத் தாண்டும்போது வந்த சோற்றுக்கஞ்சி வாசனை என்னைச் சிராங்கூன் சாலையோரம் இருந்த எங்கள் மாட்டுக்கொட்டகைக்கே கொண்டுபோய்விட்டது. அங்கே பால் கறந்து முடித்த அம்மா, புல்லுக்கட்டின்மேல் உட்கார்ந்து முருகா முருகா என்று முணுமுணுத்தபடி, பழைய வேட்டி, சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பாள். ஊசி நேராக ஓடவேண்டும் என்று துண்டுகளைக் கஞ்சியில் முக்கிக் காயவைப்பாள். தைத்து முடித்த பிறகுதான் அலசுவாள்.

ஒரு மழைநாளில் எங்கள் லட்சுமி தலைக்கன்று ஈன்றது. ஆனால் கன்றை நக்கவில்லை, கிட்டே விடவுமில்லை. ஈரத்தில் நடுங்கிய கன்று பிழைக்குமா என்றே தெரியவில்லை. அம்மா கையிலிருந்த போர்வையை அப்படியே அதன்மேல் போர்த்தினாள்.

"அடியே, கஞ்சியை அலசலையேடி! மாடு தின்னுடப் போவுது!" என்று அப்பா கத்தினார்.

லட்சுமி வந்து மோந்தது. கஞ்சி ருசிக்குப் போர்வையை நக்கியது. நக்க நக்கத் துணி விலகி, நாக்கு கன்றின் முதுகுக்குப் போனது. பிறகு கன்றை விடவேயில்லை. சூடேறிய கன்று தள்ளாடி எழுந்து மடியில் முட்டியது.

"தெரிஞ்சுதான் போட்டியா?" என்றார் அப்பா.

"எனக்கென்னங்க தெரியும்? முருகனுக்குத் தெரியும்ல," என்று அம்மா அடுத்த துண்டை எடுத்தாள்.