அத்தையின் வாசக்கால்

எங்கள் அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எந்தத் திசையிலிருந்து எதிரி வந்தாலும் நாட்டைக் காப்பாற்ற அங்கே ஏற்பாடு இருந்தது. திருவொற்றியூர்ப் பக்கம் மீனவக் குப்பத்தில் இருந்த அவருடைய தங்கையின் வீட்டைக் கடலிடமிருந்து காப்பாற்றத்தான் யாரிடமும் ஏற்பாடு இல்லை.

எண்பதுகளில் அந்த வீட்டைக் கடல் திரும்பத் திரும்ப வந்து வாங்கிக்கொண்டு போனது. அத்தையும் மாமாவும் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கட்டுவார்கள். கடலும் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிடும். வீடுகள் போன பிறகு, அவை இருந்த இடத்தைக் காப்பாற்ற லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினார்கள். அலை அடுத்த குப்பத்துக்குப் போனது. ஜீப்பில் வந்த அதிகாரி ஒருவர், கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது என்று விளக்கினாராம். முழங்கால் தண்ணீரில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களுக்கு அது நல்ல தகவல்தான்.

குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் சுவரைத் தொட்டதும் முதலில் வாசக்காலைக் கதவோடு பெயர்த்து எடுத்துவிடுவார்கள். ஓலையும் மண்ணும் மறுபடி கிடைக்கும், தேக்கு கிடைக்காது. அதற்காகவே வாசக்காலைச் சுற்றிக் களிமண் மட்டும் வைத்துப் பூசுவார்கள். கடப்பாறையால் நெம்பினால் கையோடு வந்துவிடும்.

கடைசியில் பின்னால் தள்ளிப் போக இடமில்லை, ரோடு வந்துவிட்டது. அத்தையும் மாமாவும் வாசக்காலோடு மீன் லாரியில் எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னால் வந்து இறங்கினார்கள்.

"அண்ணாத்தே, இது ஒண்ணுதான் மிச்சம் கீது" என்றாள் அத்தை.

"சர்க்கார் எனக்கு ஏற்கெனவே ஒரு கதவு குடுத்துகீதும்மா" என்றார் அப்பா. சர்க்கார் கொடுத்த கதவு மழைக்கு ஊறி, ஐப்பசியிலிருந்து தை வரை மூடாது.

கட்டுமரத்தில் போன மாமா, மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டைத் திறந்து மூடும் உத்தியோகத்துக்கு உயர்ந்தார். வாசக்கால் எங்கள் வராந்தாச் சுவரில் வருஷக்கணக்காகச் சாய்ந்து கிடந்தது. ஞாயிறு பூசைக்குப் போய்வந்ததும் அத்தை அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பாள். சொந்த வீட்டில் அது மறுபடி நிற்க வேண்டும், அவளுக்கு வேறு ஆசை கிடையாது. அப்பா அதற்கு 'அரண்மனைக் கதவு' என்று பெயர் வைத்திருந்தார்.

தொண்ணூறுகளில் எப்படியோ வெள்ளானூரில் ஒரு மனை வாங்கினார்கள். சுவர் எழும்பி, வாசக்கால் நிறுத்தும் நாளும் வந்தது.

"இனிமே கவலையே இல்ல. கடலு இங்க வர்ணும்னா ரெண்டு பஸ்ஸு மாறித்தான் வர்ணும்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம்.

கொத்தனார் சிமெண்ட் கலவையை அள்ளினார். அத்தை ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிமெண்ட்டு வோணாம் மேஸ்திரி. களிமண்ணு வெச்சிப் பூசு."

"ஆடுமேம்மா!"

"ஆடட்டும். சிமெண்ட்டு வெச்சிட்டா அப்பால எப்டி கயட்டிகினு போறது?"

கொத்தனார் சிரித்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு களிமண் வெட்டப் போனார்.