எண்பத்தேழில் விழுந்த கல்யாணம்

தங்கச்சிமடம் யாக்கோபு எனக்கு நாலாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தார். அவர் மகள் பிரெசில்லா ஆசைப்பட்டதால் அவள் கல்யாணத்தைப் பழைய பிலிம் கேமராவில் எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் அந்தக் கேமராவை வைத்துத்தான் பாம்பனில் சொந்தமாக ஸ்டூடியோ கட்டினேன். படங்களின் மூலையில் தேதி விழுந்திருந்தது. வருடம் மட்டும் 87.

“ஏண்ணே, அப்ப எனக்கே பன்னெண்டு வயசு. எம் மகளுக்குக் கல்யாணமா? இதுக்குக் காசு வேற கேக்குறீகளா?” என்று கையை விரித்தார் யாக்கோபு.

கேமராவில் வருடம் 2019 வரைதான் ஓடும். பிறகு 87க்கே திரும்பிவிடும். கேமராவைச் செய்தவன் அதோடு விட்டுவிட்டான்; நான் விடவில்லை. தேதிப் பொத்தானை இன்னும் அமுக்கினால் வருடம் மறைந்து, நாளும் மணியும் நிமிடமும் வரும். பிரெசில்லாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்தபோது கூப்பிடாமலே போய் அப்படி எடுத்துக் கொடுத்தேன்.

பேரன் தலையில் கோயில் சாமியார் தண்ணீர் ஊற்றும் படத்தை யாக்கோபு உற்றுப் பார்த்தார். மூலையில் 10.42.

“தண்ணி ஊத்துன நிமிசமே விழுந்திருக்கேண்ணே.”

“வேற எவன்ப்பா இப்படிக் குடுப்பான்?”

“பெருமை போதும், கையை நீட்டுங்க” என்று சிரித்தவர், கல்யாணப் பாக்கியையும் சேர்த்து என் உள்ளங்கையில் தாள் தாளாக எண்ணி வைத்தார்.