படிக்கு ஒரு கற்பூரம்

திருத்தணி மலைப்படிக்குக் கீழே கற்பூரம் விற்கிறேன். விடிகாலையில் ஒல்லியாக ஒரு பெண் வந்து, முந்நூற்று அறுபத்தைந்து படியையும் ஓடியே ஏறுவாள். இறங்கி மறுபடியும் ஏறுவாள்.

"என்ன வேண்டுதல்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

சிரித்துவிட்டாள். "வேண்டுதல் இல்லண்ணா. நேஷனல்ஸ்ல பத்தாயிரம் மீட்டர் ஓடப்போறேன். பிராக்டிஸ் பண்ணிகினு இருக்கேன்."

அப்புறம் ஒரு மாதம் ஆளையே காணோம். திரும்பி வந்தவள் படிக்கு ஒன்றாகக் கற்பூரம் கேட்டாள்.

"இப்பவாவது வேண்டுதலா?"

"மூணாவதா வந்துட்டேண்ணா. இத்தினி நாளா மிதிச்ச படிங்களுக்கு ஒரு கும்பிடு போட வேணாமா?"

ஒவ்வொரு படியிலும் ஏற்றி, நடந்தே போனாள்.

பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். ஆனால் படிகளைப் பார்த்து மலைத்து நிற்பவர்களிடம் இப்போதெல்லாம், "எங்க ஊரு பொண்ணு தெனம் பத்து வாட்டி ஓடுவா, ஏறுங்க" என்கிறேன்.